மாத்திரையா, சக்‌ஷனா? கருக்கலைப்புக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நாள் தள்ளிப்போய், பரிசோதனை அட்டையில் இரண்டு கோடுகள் விழுந்து, இந்தக் கர்ப்பம் வேண்டாம் என்ற முடிவுக்கும் வந்த பிறகு மருத்துவர் கேட்பார்: மாத்திரை தரட்டுமா, சுத்தம் செய்துவிடலாமா? பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் மாத்திரை என்று சொல்லிவிடுகிறார்கள். 2015இல் இந்தியாவில் நடந்த சுமார் 1.56 கோடி கருக்கலைப்புகளில் 81 சதவீதம் மாத்திரையால் நடந்தவை என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மாத்திரை என்றால் விழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம், கருவி என்றால் பெரிய ஆபரேஷன் என்பது ஊரறிந்த நம்பிக்கை. என்னைக் கேட்டால், பல வீடுகளுக்கு நிலைமை இதற்கு நேர் எதிர்.

முதலில் வாரக் கணக்கு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும், உறவு கொண்ட நாளிலிருந்து அல்ல. 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகியிருந்தால் அது ஆறு வாரக் கர்ப்பம். இந்திய விதிகளின்படி மாத்திரைக்கு 9 வாரம் வரை இடம் உண்டு. சக்‌ஷன் (கர்ப்பப்பையில் இருப்பதைக் குழாயால் உறிஞ்சி எடுப்பது) பொதுவாக 12 வாரம் வரை செய்யப்படுகிறது. ஆகவே இந்த ஒப்பீடு 9 வாரத்துக்கு உட்பட்டவர்களுக்கு. அதைத் தாண்டினால் தேர்வு குறையும். நான்காவது, ஐந்தாவது மாதத்தில் நடப்பது வேறு கதை, அதற்கு வார்டில் தங்கியாக வேண்டும்.

மாத்திரைப் பொதியில் ஒன்றும் நான்குமாக ஐந்து மாத்திரைகள் இருக்கும். முதலாவது மிஃபெப்ரிஸ்டோன், 200 மில்லிகிராம். கர்ப்பத்தைத் தாங்கும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோனின் வேலையை இது தடுக்கிறது. விழுங்கிய அன்று பலருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்குக் குமட்டல், லேசான ரத்தப்போக்கு. 24 முதல் 48 மணி நேரம் கழித்து மற்ற நான்கு, மிசோப்ரோஸ்டால். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பக்கத்துக்கு இரண்டாக அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் கரையவிட்டு, மிச்சத்தைத் தண்ணீர் விட்டு விழுங்க வேண்டும். சுண்ணாம்புக் கட்டியைக் கடித்த மாதிரி வாய் வறண்டுபோகும். நாக்குக்கு அடியிலோ பிறப்புறுப்பிலோ வைக்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு.

அதற்கடுத்த நான்கைந்து மணி நேரம்தான் உண்மையான கருக்கலைப்பு. முதலில் குளிர் நடுக்கம் வரும், கூடவே வயிற்றுப்போக்கும் சிறிது காய்ச்சலும் இருக்கலாம். பிறகு அடிவயிற்றிலிருந்து இடுப்புக்கும் தொடைக்கும் இறங்கும் வலி. வழக்கமான தூரத்து வலியைவிடக் கூடுதலாகவே இருக்கும். பிள்ளை பெற்றவர்கள் "பிரசவ வலி மாதிரி, ஆனால் சின்னது" என்பார்கள். ரத்தம் கட்டி கட்டியாக வரும். எலுமிச்சை அளவுக் கட்டி வந்தாலும் அது எதிர்பார்க்கக்கூடியதே. எட்டு, ஒன்பது வாரமானால் சாம்பல் வெண்மையில் ஒரு சிறு பை வெளிவருவது கண்ணில் படக்கூடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதால் நள்ளிரவில் குளியலறையில் தனியாக உட்கார்ந்து பயந்துபோனவர்கள் நிறைய. வலிக்கு இபுப்ரோஃபென் நன்றாகக் கேட்கும், மருந்தின் வேலையையும் கெடுக்காது. பாராசிட்டமால் இந்த வலிக்கு அவ்வளவாகப் போதாது. பெருக்கு ஓய்ந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம், சிலருக்கு அடுத்த மாதவிலக்கு வரைகூட, கசிவு நீளும்.

இனி சக்‌ஷன். எம்.வி.ஏ. என்று மருத்துவர்கள் சொல்வது இதன் கைக்கருவி வடிவம். கையால் இழுத்து வெற்றிடம் உண்டாக்கும் பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்சு, அதன் முனையில் வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய். குழாயின் தடிமன் ஏறக்குறைய வாரக் கணக்கை ஒட்டியே இருக்கும். ஏழு வாரமென்றால் சுமார் ஏழு மில்லிமீட்டர், அதாவது ஒரு பென்சில் பருமன். கர்ப்பப்பை வாய் இளகுவதற்குச் சில மணி நேரம் முன்பே மிசோப்ரோஸ்டால் தருவதுண்டு. வலி மாத்திரை, கர்ப்பப்பை வாய்ப்பகுதி மரத்துப்போக ஓர் ஊசி, பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம். வெட்டும் இல்லை, தையலும் இல்லை. விழித்துக்கொண்டே இருக்கலாம், மயக்கம் வேண்டுமென்பவர்களுக்கு அதுவும் பல இடங்களில் கிடைக்கும். கடைசி இரண்டு நிமிடம் கர்ப்பப்பை சுருங்கும்போது இழுத்துப் பிடிப்பதுபோல் நன்றாகவே வலிக்கும், ஆனால் அடங்கிவிடும். ஒன்றிரண்டு மணி நேரம் படுத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதன்பின் ரத்தப்போக்கு பொதுவாக மாத்திரையைவிடக் குறைவு.

சக்‌ஷனில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. எடுத்த திசுவை ஒரு தட்டில் நீர்விட்டு அலசி மருத்துவர் அங்கேயே பார்த்துவிடுவார். முழுமையாக வந்துவிட்டதா என்பது அன்றே தெரிந்துவிடும். திசுவே காணவில்லை என்றால் கரு கருக்குழாயில் தங்கியிருக்குமோ என்ற சந்தேகமும் அன்றே எழும், அடுத்த பரிசோதனைக்கு வழி பிறக்கும். மாத்திரையில் இந்தப் பதிலுக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

சக்‌ஷன் ஏறக்குறைய தவறுவதே இல்லை எனலாம். மாத்திரை நூற்றில் 95 பேருக்கு மேல் முழுமையாக வேலை செய்கிறது. மிச்சப் பேருக்கு மறு வேளை மருந்தோ சக்‌ஷனோ தேவைப்படும். மாத்திரை தோற்றால் "சரி, பெற்றுக்கொள்கிறேன்" என்று விட்டுவிடுவது ஆபத்து. மிசோப்ரோஸ்டால் கருவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. கருவிக்கும் அதற்கே உரிய ஆபத்து உண்டு: கர்ப்பப்பையில் துளை விழுவது, தொற்று. பயிற்சி உள்ள கையில் இரண்டும் அரிது.

மூன்றாவதாக ஒன்று நம் ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, டி அண்ட் சி. உலோகக் கரண்டியால் கர்ப்பப்பையின் உள்சுவரைச் சுரண்டும் பழைய முறை, பெரும்பாலும் மயக்கம் கொடுத்துச் செய்வது. அதன் இடத்தில் சக்‌ஷன் வர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. ஆழமாகச் சுரண்டினால் உள்சுவரில் தழும்பு விழுந்து பின்னாளில் கருத்தரிப்புக்கே சிக்கல் வரலாம். ஆகவே "சுத்தம் செய்யலாம்" என்று சொன்னால், எதைக் கொண்டு என்று கேட்டுவிடுங்கள். குழாயா, கரண்டியா? பதில் கரண்டி என்றால் வேறு மருத்துவரைப் பார்ப்பதுதான் என் யோசனை.

மாத்திரையின் பெரிய விளம்பரம் அந்தரங்கம். தனி அறை, தனிக் குளியலறை, பக்கத்தில் நம்பிக்கையான ஒருவர் இருப்பவருக்கு அது முழுக்க உண்மை. யாரும் தொட வேண்டாம், மேசையில் ஏறிப் படுக்க வேண்டாம், தன் வேகத்தில் நடக்கும். ஆனால் இரண்டு அறை வீட்டில் மாமியார், கொழுந்தன், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், எல்லாருக்கும் ஒரே கழிப்பறை என்றால்? அரை மணிக்கொரு முறை எழுந்து போகிறவளை யார் கவனிக்காமல் இருப்பார்கள்? நாப்கினை எங்கே போடுவது? விடுதியில் நான்கு பேரோடு தங்கியிருக்கும் பெண்ணுக்கும் இதே பாடுதான். இவர்களுக்கு ஒரு காலைப் பொழுதில் மருத்துவமனையில் முடிந்துவிடும் பத்து நிமிடமே அதிக அந்தரங்கம். "தலைசுற்றல், டாக்டரிடம் போய்வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

மருத்துவமனையில் முகம் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களே என்ற பயம் நியாயமானதுதான். சட்டம் அதற்கு ஓரளவு காவல். பெண்ணின் பெயரையும் விவரத்தையும் அதிகாரமில்லாதவரிடம் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். 18 வயது நிறைந்தவருக்குத் தன் கையெழுத்து ஒன்றே போதும். கணவர் கையெழுத்து என்று ஒன்று 1971 கருக்கலைப்புச் சட்டத்தில் எங்குமே கிடையாது. ஆனாலும் கேட்கிறார்கள். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால்தான் கலைப்போம் என்று நிபந்தனை போடும் இடங்களும் இருக்கின்றன. அதற்கும் சட்டத்தில் இடமில்லை. 2021 திருத்தத்துக்குப் பிறகு திருமணம் ஆகாதவருக்கும் இதே உரிமை உண்டு. 18க்குக் கீழ் என்றால் பாதுகாவலர் ஒப்புதல் வேண்டும், சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி மருத்துவர் போலீசுக்குத் தகவலும் தர வேண்டும். சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அதில் பெயரை விட்டுவிடலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

செலவைப் பற்றி நீளப் பேச ஒன்றுமில்லை. அரசு மருத்துவமனையில் இரண்டும் இலவசம், தனியாரில் சக்‌ஷனுக்குக் கூடுதல்.

சிலருக்குத் தேர்வே கிடையாது. கடுமையான ரத்தசோகை, ரத்தம் உறையாத கோளாறு, நீண்டகாலமாக ஸ்டீராய்டு உட்கொள்வது ஆகியவை இருந்தால் மாத்திரை வேண்டாம். காப்பர் டி உள்ளே இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். முந்தைய பிரசவம் சிசேரியன் என்பது மட்டும் தடையல்ல, ஆனால் கரு பழைய தழும்பில் பதிந்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துவிடுவது நல்லது. கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்தை மாத்திரை கலைக்காது. மிசோப்ரோஸ்டால் போட்டு 24 மணி நேரம் ஆகியும் ரத்தம் வரவில்லை என்றாலோ, ஒரு பக்க வயிற்று வலியோடு தோள்பட்டையும் வலித்தாலோ காத்திருக்காமல் ஓடுங்கள். எந்த முறையானாலும், பெரிய நாப்கின் மணிக்கு இரண்டு வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலும், ஒரு நாள் கடந்தும் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் நின்றாலும், துர்நாற்றத்தோடு கசிவு வந்தாலும் அதேதான்.

கருமுட்டை பத்து நாளுக்குள்ளேயே மீண்டும் வெளிவரலாம், எனவே கருத்தடையை அடுத்த மாதவிலக்கு வரை ஒத்திப்போட முடியாது. சக்‌ஷன் முடிந்த கையோடு அங்கேயே காப்பர் டி பொருத்திக்கொள்ளலாம். மாத்திரை எடுத்தவர்கள் கரு முழுமையாக வெளியேறிவிட்டது உறுதியான பிறகு பொருத்திக்கொள்ளலாம்.

மாத்திரை எடுத்தவர்களுக்கு இன்னொன்று. பரிசோதனை அட்டை நான்கு வாரம் வரைகூட இரண்டு கோடு காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். இரண்டு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் "சிறிது ரத்தக்கட்டி மிச்சம் இருக்கிறது" என்று எழுதியிருந்தால், உடனே டி அண்ட் சிக்குத் தேதி குறித்துவிடுவார்கள். ரத்தப்போக்கு குறைந்துகொண்டே வருகிறது, காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை என்றால், அடுத்த மாதவிலக்கு வரை காத்திருக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கட்டி தானாகவே வெளியேறிவிடும்.