நூறு வாட் வெள்ளை எல்இடி பலகை: கையால் செய்த அலமாரியிலும் பழைய மண்ணிலும் ஒரு மதிப்பீடு

வீட்டுக்குள் செடி வளர்ப்பதற்குத் தேவையான பொருள்களில் பெரும்பாலானவற்றை நாமே செய்துகொள்ள முடியும். பழைய துணி அலமாரி வளர்ப்பறையாகும், பழுதான கணினியிலிருந்து கழற்றிய விசிறி காற்றோட்டம் தரும், முந்தைய பருவத்தின் மண்ணையும் திருத்திப் பயன்படுத்தலாம். காசு கொடுத்து வாங்கியே ஆகவேண்டிய ஒரே பொருள் விளக்கு என்பது என் உறுதியான கருத்து. இங்கே நான் மதிப்பிடுவது, அறுபது சென்டிமீட்டர் சதுர இடத்திற்கென விற்கப்படும், உண்மையிலேயே 100 வாட் மின்சாரம் இழுக்கும் ஒரு வெள்ளை எல்இடி பலகை. அதன் அடியில் குட்டைத் தக்காளி, மிளகாய், துளசி ஆகியவற்றை வளர்த்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

பலகையின் பெட்டியில் எனக்குப் பிடித்த முதல் விஷயம், அதில் பொய்யான வாட் கணக்கு இல்லை என்பது. "1000 வாட்டுக்கு இணை" என்று அச்சிட்டு, 100 வாட்டுக்கும் குறைவாகவே மின்சாரம் இழுக்கும் விளக்குகள் சந்தையில் ஏராளம். லூமென் கணக்கும் செடிக்குப் பயன்படாது. அது மனிதக் கண்ணின் உணர்திறனை அடிப்படையாகக் கொண்ட அளவு. செடி ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துவது ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் வரும் ஒளித்துகள்களை. ஆகவே ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) ஒளித்துகள்கள் விழுகின்றன என்பதே வாங்குபவர் கேட்கவேண்டிய கேள்வி. இந்தப் பலகை ஒரு ஜூல் மின்னாற்றலுக்குச் சுமார் 2.5 மைக்ரோமோல் தருவதாகக் குறிப்பிடுகிறது. அப்படியானால் மொத்தம் விநாடிக்கு 250 மைக்ரோமோல், 0.36 சதுர மீட்டர் பரப்பில் அது முழுவதும் விழுந்தால் ஒரு சதுர மீட்டருக்கு விநாடிக்குச் சுமார் 690 மைக்ரோமோல் ஆகும். சுவரில் மோதி வீணாவதைக் கழித்து 500 என்று வைத்துக்கொண்டாலும், பதினாறு மணிநேரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 28.8 மோல் (ஒரு மோல் என்பது பத்து லட்சம் மைக்ரோமோல்) கிடைக்கிறது. காய்க்கும் தக்காளிக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 மோல் வேண்டும் என்பதால் இது தாராளமான அளவு. கீரை வகைகளுக்கும் துளசிக்கும் இதில் பாதியே போதும். பலகையின் மங்கலாக்கும் திருகி அதற்குத்தான் உதவுகிறது.

இந்தக் கணக்கைச் சரிபார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அளக்கும் சாதாரண லக்ஸ் மானி காட்டும் எண்ணை, வெள்ளை எல்இடிக்கு மட்டும், சுமார் 65 முதல் 70 வரையிலான ஓர் எண்ணால் வகுத்தால் மைக்ரோமோல் அளவு ஓரளவு துல்லியமாகவே வந்துவிடும். பலகையின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளந்து பார்த்தபோது, மூலைகளில் ஒளி கணிசமாகக் குறைந்திருந்தது. எனவே தக்காளியை நடுவிலும் துளசியை ஓரத்திலும் வைப்பதே சரி.

நீலமும் சிவப்பும் மட்டும் கலந்த ஊதா நிற விளக்கு வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் மிகுதியாக உறிஞ்சுகிறது என்பது உண்மைதான். ஆனால் பச்சை ஒளியும் வீணாவதில்லை. அது இலையின் உள்ளடுக்குகள் வரை ஊடுருவி அங்கே ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுகிறது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஊதா வெளிச்சத்தில் இலையின் மஞ்சளிப்பும் சிலந்திப்பேனின் புள்ளிகளும் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. வெள்ளை ஒளியில் செடியை அதன் இயல்பான நிறத்தில் பார்க்கிறோம், நோயை முதல் நாளிலேயே பிடிக்கிறோம்.

விளக்கை எத்தனை மணிநேரம் எரியவிடலாம் என்பது செடியைப் பொறுத்தது. பகலின் நீளம் சில செடிகளின் பூப்பைத் தீர்மானிக்கிறது என்பதைக் அமெரிக்க ஆய்வாளர்களான கார்னரும் அல்லார்டும் 1920-இல் புகையிலையை வைத்து நிறுவினார்கள். தக்காளி போன்ற, பகல் நீளத்தைச் சாராத செடிகள் வயது வந்ததும் தாமாகவே பூக்கும் என்பதால், அலமாரித் தோட்டத்திற்கு இவையே மிகவும் ஏற்றவை. அவற்றிலும் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்திலேயே நின்றுவிடும் மைக்ரோ டாம் போன்ற குட்டை ரகங்கள், விளக்கைத் தொடும் அளவுக்கு ஒருபோதும் வளர்வதில்லை. அதற்காக விளக்கை இரவு பகலாக எரியவிடக் கூடாது. தொடர் வெளிச்சத்தில் தக்காளியின் இலைகள் வெளுத்துப் பழுதடைகின்றன. பதினாறு மணிநேரம் ஒளி, எட்டு மணிநேரம் இருள் என்ற ஒழுங்கு இரண்டு பருவங்களிலும் நன்றாக ஒத்துவந்தது. உள்ளே பலத்த காற்றும் வண்டும் இல்லாததால், பூத்த தக்காளிக் கொத்துகளை விரலால் லேசாகத் தட்டிவிடவேண்டும். அப்போதுதான் மகரந்தம் உதிரும்.

குறைகளும் இருக்கின்றன. எல்இடிகளுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் மின்வழங்கி பலகையின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் அதன் வெப்பமும் அலமாரிக்குள்ளேயே தங்குகிறது. தகுந்த கம்பி கொண்டு அதை வெளியே நகர்த்தினால் உள்வெப்பம் தெளிவாகக் குறைகிறது, ஆனால் அந்த வேலையை மின்பணி தெரிந்தவரே செய்யவேண்டும். தொங்கவிடக் கொடுத்திருக்கும் கொக்கிகள் மெலிதானவை. அவற்றை நம்பி இவ்வளவு எடையைச் செடிகளுக்கும் தண்ணீருக்கும் மேலே தொங்கவிட நான் விரும்பவில்லை. தண்ணீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் இடத்தில், நில இணைப்பும் கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சும் கட்டாயம் வேண்டும்.

அலமாரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உட்புறத்திற்கு மினுக்கமில்லாத வெள்ளை வண்ணம் பூசினால் ஒளி சீராகப் பரவும், கசங்கிய அலுமினியத் தாளை ஒட்டவேண்டிய தேவை இல்லை. கீழே காற்று நுழைய ஒரு துளையும் மேலே விசிறியும் இருந்தால் போதுமானது.

இந்த விளக்கின் தரம் உண்மையில் வெளிப்படுவது மண்ணில்தான். வலுவான ஒளியின் அடியில் செடி வேகமாக வளர்கிறது, வேகமாக உண்கிறது. மண்ணில் உள்ள குறை ஜன்னலோரத் தொட்டியில் தெரிவதைவிட மிக விரைவில் இங்கே தெரிந்துவிடும். ஒரு பருவம் காய்த்த மண்ணில் தழைச்சத்து குறைந்திருக்கும், உரத்தின் உப்புகள் தங்கியிருக்கும், தென்னைநார்க் கழிவு மக்கி இறுகியிருக்கும். இவை மூன்றுமே தனித்தனிப் பிரச்சினைகள். உரத்தை மட்டும் சேர்த்துவிட்டு அதே மண்ணில் நட்டால், உப்பு இன்னும் கூடும், வேர் மூச்சு விட இடமும் இராது. முதலில் வேர்களைச் சலித்து எடுக்கவேண்டும். பிறகு தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் உப்பின் பெரும்பகுதி வெளியேறும். அதன்பின் நான்கில் ஒரு பங்கு நன்கு மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ, இறுக்கத்தைத் தளர்த்தும் அளவுக்குப் பெர்லைட் என்ற இலேசான வெண்ணிறக் கல்துகள்களும் கலந்து, ஈரப்பதத்துடன் சில வாரங்கள் ஆறவிடவேண்டும். கலவை தயாரா என்பதை அறிய ஒரு பிடி முள்ளங்கி விதையைத் தூவிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. முளை கருகினாலோ ஒரேயடியாக வெளுத்தாலோ இன்னும் காத்திருக்கவேண்டும்.

வேரில் முடிச்சு கண்டிருந்தாலும், செடி வாடல் நோயால் இறந்திருந்தாலும், அந்த மண்ணை மீண்டும் அலமாரிக்குள் கொண்டுவரக் கூடாது. வெயில் மிகுந்த காலத்தில், ஈரமான மண்ணை நிறமற்ற பிளாஸ்டிக் தாளால் மூடி நான்கு முதல் ஆறு வாரங்கள் வெயிலில் வைத்திருந்தால் பல கிருமிகள் அழியும் என்றாலும், மூடிய இடத்தில் அந்த அபாயத்தை ஏற்பது தகாது. தொழு உரத்தோடு வரும் பூஞ்சைக் கொசுக்களுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டையும், மேல்மண்ணைக் காயவிட்டு நீர் ஊற்றும் பழக்கமும் பெரும்பாலும் போதுமானவை.

மண்ணையும் விளக்கையும் இணைக்கும் இன்னொரு நுட்பமும் உண்டு. பழைய சோடியம் விளக்குகள் இலையைச் சுட்டதால் செடி அதிகமாக நீராவியை வெளியேற்றியது. எல்இடியின் அடியில் இலை குளிர்ச்சியாக இருப்பதால் நீரோட்டமும், அதோடு வரும் சுண்ணாம்புச்சத்தும் குறையலாம். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகினால், உரம் போடுவதற்கு முன் தண்ணீரைச் சீராக ஊற்றுகிறோமா, விசிறி ஓடுகிறதா என்று பார்ப்பதே முறை.

நாளொன்றுக்குப் பதினாறு மணிநேரம் எரியும் இந்தப் பலகை 1.6 யூனிட் மின்சாரம் எடுக்கிறது. 50,000 மணிநேரம் என்று குறிப்பிடப்பட்டிருக்கும் ஆயுள், இந்தப் பயன்பாட்டில் எட்டரை ஆண்டுகளுக்குச் சமம். ஆனால் எல்இடிகளுக்கு முன்பே மின்வழங்கிதான் பெரும்பாலும் பழுதாகும். இந்தப் பலகையில் அது திருகாணிகளால் பொருத்தப்பட்டு, கழற்றக்கூடிய இணைப்பியோடு வருகிறது. வேறு பலகையைத் தேர்ந்தெடுப்பவர்களும் வாங்குவதற்கு முன் அதைத் திருப்பி இந்த ஒன்றைச் சோதித்துக்கொள்ளவேண்டும். மின்வழங்கி ஒட்டப்பட்டோ பற்றவைக்கப்பட்டோ இருந்தால், அதை வாங்கவேண்டாம் என்றே சொல்வேன்.