ரீஃப் தொட்டிக்கு உப்புத் தண்ணீர் கலக்க ரிஃப்ராக்டோமீட்டர்: நீண்ட நாள் அனுபவம்

சில வருடங்களாக ஒரு சாதாரண கைப்பிடி ரிஃப்ராக்டோமீட்டரை (ஒளி வளைவதை வைத்துத் தண்ணீரின் உப்பளவைக் காட்டும் கருவி) வைத்துத்தான் ரீஃப் தொட்டிக்கு, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு, தண்ணீர் கலக்கிறேன். பேட்டரி வேண்டாம், ரெண்டு சொட்டு போதும், நன்றாக உழைக்கிறது. ஆனால் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) காலிப்ரேஷன் திரவம், அதாவது கருவியைச் சரிபார்க்க உதவும் உப்பளவு தெரிந்த திரவம், கையில் இல்லாமல் அது காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை. புதிதாக வாங்குபவர்களிடம் இதைத்தான் அழுத்திச் சொல்வேன்.

விலை குறைந்த ரிஃப்ராக்டோமீட்டர்களில் பல, வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்காக அளவு குறிக்கப்பட்டவை. கடல்நீரில் மெக்னீசியம், கால்சியம், சல்பேட் எல்லாம் கலந்திருப்பதால் ஒளி வளைவது கொஞ்சம் வித்தியாசப்படும். அசல் 35 பிபிடி கடல்நீரை அதில் விட்டால் 36.5 என்று காட்டும். ஆர்.ஓ. தண்ணீரை விட்டுப் பூஜ்யத்துக்குத் திருகிவிட்டு, 35 வரும்வரை உப்புப் போட்டால் உண்மையில் கிடைப்பது சுமார் 33.5 பிபிடிதான். 35 பிபிடி திரவத்தை விட்டு, கோடு 35இல் நிற்கும்படி திருகினால் நமக்கு வேண்டிய இடத்தில் அளவு சரியாகிவிடும்.

திரவம் கடையில் கிடைக்கவில்லையா? 36.5 கிராம் சுத்தமான, ஈரமில்லாத சாப்பாட்டு உப்பை 963.5 கிராம் ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீரில் (ஆர்.ஓ.வுக்குப் பின் மிச்ச உப்புகளையும் நீக்கிய தண்ணீர்) கரைத்துக்கொள்ளுங்கள். ரிஃப்ராக்டோமீட்டருக்கு அது 35 பிபிடி கடல்நீர் மாதிரியே தெரியும். மின்கடத்தும் திறனை வைத்து உப்பை அளக்கும் கண்டக்டிவிட்டி மீட்டருக்கு இது ஆகாது. 53 மில்லிசீமன்ஸ் திரவம் தனியாக வாங்க வேண்டும்.

சொட்டு விட்டதும் அவசரப்படாமல் அரை நிமிடம் விட்டுப் பார்க்கவும். பெரும்பாலான கருவிகளில் வெப்பநிலைத் திருத்தம் 10 முதல் 30 டிகிரி வரைதான். நம் ஊர் மே மாதத்தில் அறையே அதைத் தாண்டிவிடும் என்பதால், காலிப்ரேஷன் திரவத்தையும் கலந்த தண்ணீரையும் ஒரே அறையில், ஒரே சூட்டில் வைத்துப் பார்க்கிறேன்.

கலக்கும்போது முதலில் தண்ணீர், அதில் பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சின்ன பம்ப்), பிறகுதான் உப்பு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும், அப்புறம் எவ்வளவு சுழற்றினாலும் கரையாது. பிராண்டைப் பொறுத்து லிட்டருக்கு 36 முதல் 39 கிராம் வரை பிடிக்கும். திறந்த மூட்டை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால் தராசை மட்டும் நம்ப முடியாது. அதனால் கொஞ்சம் குறைத்தே போட்டு, நன்றாகக் கரைந்து தெளிந்த பிறகு அளந்து சரிசெய்கிறேன். 35க்குக் கொண்டுவர, 20 லிட்டரில் 33 காட்டினால் இன்னும் 45 கிராம் அளவுக்கு உப்பு; 37 காட்டினால் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீர்.

தண்ணீரின் அடர்த்தியை வைத்து உப்பளவைக் காட்டும், முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரும் வீட்டில் இருக்கிறது. முள்ளில் சின்னக் காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு கூடுதலாகக் காட்டுகிறது. மீன் மட்டும் இருக்கும் தொட்டிக்குப் பரவாயில்லை, பவளத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. பார்த்து முடித்ததும் கண்ணாடியை ஆர்.ஓ. தண்ணீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும். காலிப்ரேஷன் பாட்டிலைத்தான் கவனிக்க வேண்டும். மூடி தளர்ந்திருந்தால் தண்ணீர் ஆவியாகி உள்ளே இருப்பது 35ஐத் தாண்டிவிடும். சின்ன பாட்டிலாக வாங்கி, தீர்ந்ததும் புதிது வாங்குவதே நல்லது.