வீட்டுக் கணினிக்கு மூன்று டிஸ்க் சோதனைக் கருவிகள்: எதை முதலில் ஓட்டுவது?

கணினி திறக்க வழக்கத்தைவிட நேரம் பிடித்தாலோ, ஒரு படத்தைத் திறக்கும்போது திரை அப்படியே உறைந்து நின்றாலோ, பெரும்பாலானவர்கள் உடனே நாடுவது விண்டோஸுடன் சேர்ந்தே வரும் செக்டிஸ்க்கைத்தான். செக்டிஸ்க், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, ஸ்மார்ட்மான்டூல்ஸ் ஆகிய மூன்றையும் சென்னையில் எங்கள் வீட்டுக் கணினியிலும் உறவினர்களின் கணினிகளிலும் பயன்படுத்தி வருகிறேன். மூன்றுமே காசில்லாமல் கிடைப்பவை, மூன்றுமே தேவையானவை. ஆனால் செக்டிஸ்க்கை முதலில் ஓட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

செக்டிஸ்க்கின் வேலை கோப்பு முறைமையைச் சரிபார்ப்பது, அதாவது எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது, எந்த இடம் காலியாக இருக்கிறது என்ற பதிவேடு ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. கோடைக்காலத்தில் யுபிஎஸ் இல்லாத வீட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் குழம்புவது இந்தப் பதிவேடுதான். அந்த நிலையில் செக்டிஸ்க் கட்டளையோடு, பிழையைத் திருத்தச் சொல்லும் '/எஃப்' என்பதையும் சேர்த்து ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சி டிரைவ் பயன்பாட்டில் இருப்பதால், அடுத்த முறை கணினி தொடங்கும்போது சோதிக்கட்டுமா என்று கேட்கும். சம்மதம் கொடுத்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். சோதனை முடிந்ததும் அறிக்கை திரையிலிருந்து மறைந்துவிடுவது இந்தக் கருவியின் பெரிய குறை. அதைத் தேடி, விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவருக்குள் போய், அப்ளிகேஷன் பதிவுகளில் வின்இனிட் என்ற பெயரில் உள்ள 1001 என்ற எண்ணைத் திறந்தால்தான் என்ன நடந்தது என்பது தெரியும். சாதாரணப் பயனர் ஒருவர் இதைத் தானாகக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

கவலைப்பட வேண்டியது '/ஆர்' விஷயத்தில்தான். அது டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்த்து, கெட்டுப்போன இடங்களைத் தேடுகிறது. பெரிய ஹார்ட் டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஓடும். ஒரே சதவீதத்தில் வெகுநேரம் நிற்பதும் இயல்பு. ஏற்கெனவே நோயுற்ற டிஸ்க்கை இப்படி வருத்துவது, அதில் மிச்சமிருக்கும் ஆயுளை நம் படங்களை நகலெடுக்கச் செலவிடாமல் சோதனைக்கே செலவழித்துவிடுவதாகும். மேலும், பதிவேட்டைச் சீர்செய்வதே செக்டிஸ்க்கின் குறிக்கோள். நம் கோப்பு முழுதாகத் திரும்ப வரும் என்று அது எந்த உறுதியும் அளிப்பதில்லை. உரிமை கோர ஆளில்லாத துண்டுகளை 'ஃபவுண்ட்.000' என்ற ஃபோல்டரில் பெயரில்லாமல் போட்டுவைக்கும். குடும்பத் திருமணப் படங்களை அந்த நிலையில் தேடி எடுப்பது பெரும்பாடு.

ஆகவே முதலிடம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவுக்கு. இது டிஸ்க்கில் எதையும் திருத்துவதில்லை. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகளை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். நிறுவிய சில நொடிகளில் விடை வந்துவிடும். பெரம்பூரில் அத்தை வீட்டுக் கணினியில் இதைத் திறந்தபோது, நீல நிறத்தில் இருக்க வேண்டிய கட்டம் மஞ்சளாக இருந்தது. சி5 என்ற வரிசையின் கடைசியில் 10 என்று இருந்தது. இந்த எண்கள் பதினாறடிமான முறையில் காட்டப்படுவதால் அது உண்மையில் 16. மெனுவில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், இயல்பிலேயே அப்படி வைத்திருந்தால் எத்தனையோ பேருக்குக் குழப்பம் மிச்சமாகியிருக்கும்.

சி5 என்பது, படிக்க முடியாமல் போய், முடிவு தெரியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர்களின், அதாவது தகவல் எழுதப்படும் சிறு பகுதிகளின், எண்ணிக்கை. அந்த இடத்தில் மீண்டும் எழுதும்போது அது தேறிவிட்டால் எண் குறையும். தேறாவிட்டால் டிஸ்க் உதிரி இடத்துக்கு மாற்றிக்கொள்ளும், 05 என்ற வரிசையில் எண் கூடும். இந்த இரண்டும் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால், டிஸ்க்கை மாற்றுவதைத் தவிர வழியில்லை. அத்தை வீட்டில் முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தோம். அதன் பிறகே செக்டிஸ்க்கைத் தொட்டோம்.

சி7 மட்டும் வேறு கதை. அது கேபிள் வழியாகத் தகவல் போகும்போது ஏற்படும் பிழைகளின் கணக்கு என்பதால், அது ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் ரிச்சி தெருவில் ஒரு புதிய சாட்டா கேபிள் வாங்கி மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றிய பிறகும் பழைய எண் குறையாது. மேலும் ஏறாமல் நின்றால் கோளாறு தீர்ந்தது என்று பொருள். இதை அறியாமல் நல்ல டிஸ்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது விற்கும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நீலம் காட்டுவதாலேயே டிஸ்க் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. டிஸ்க் இதுவரை தொட்டுப் பார்க்காத இடத்தில் உள்ள பழுது அதன் குறிப்பில் ஏறியிருக்காது. அந்த ஐயத்தைத் தீர்ப்பது ஸ்மார்ட்மான்டூல்ஸ். அதன் நீண்ட சோதனையைத் தொடங்கிவைத்தால், டிஸ்க் தன் பரப்பு முழுவதையும் தானே படித்துப் பார்த்து, பிழை கண்ட முதல் இடத்தின் எண்ணையும் பதிவு செய்கிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பது பலருக்குச் சிரமம்தான். அவர்களுக்கு ஜிஸ்மார்ட்கன்ட்ரோல் என்ற முகப்பு உதவும். சோதனை நடக்கும்போது கணினியைத் தூங்கவிடக் கூடாது. யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் சில டிஸ்க்குகளின் குறிப்புகள் இந்த இரண்டு கருவிகளுக்குமே எட்டுவதில்லை. அப்போது டிஸ்க்கை வெளியே எடுத்து நேரடியாக இணைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு '/ஆர்' சோதனையால் பெரிய பயன் இல்லை. எவ்வளவு ஆயுள் மிச்சமிருக்கிறது என்ற சதவீதத்தைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்துவந்தால் போதும். டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் இந்த மூன்றில் எதையும் ஓட்டாமல், கணினியை உடனே நிறுத்திவிட்டு, தகவல் மீட்பு தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும்.