சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு லாரியை உள்ளே விடுங்கள்

பெரிய கட்டட வேலைகளில் பதினோரு வருடமாக சைட் இன்ஜினியராக இருக்கிறேன். இத்தனை அனுபவத்துக்குப் பிறகு ஏமாந்ததை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்களுக்கு வந்த அதே ஜாக்கிகள் (கான்கிரீட் இறுகும்வரை சென்ட்ரிங்கை அடியிலிருந்து தாங்கும் இரும்பு முட்டுகள்) இந்நேரம் வேறு யாருடைய ஸ்லாபுக்கு அடியிலோ நின்றுகொண்டிருக்கும். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, விவகாரம் வக்கீல்களிடம் இருக்கிறது.

நுழைவுக் கூடத்துக்கு மேலே வருகிற ஸ்லாப், தரையிலிருந்து நாலரை மீட்டர் உயரம். எங்கள் சொந்தச் சாமான் வேறு பிளாக்கில் மாட்டிக்கொண்டதால் 260 ஜாக்கி, குறுக்கே கட்டுவதற்குப் பைப், கிளாம்ப் எல்லாம் வாடகைக்கு எடுத்தோம். யார்டுக்கு நானே போய்ப் பார்த்தேன். முன்வரிசையில் அடுக்கி வைத்திருந்தது அருமையான சரக்கு. மரையில் எண்ணெய் மினுங்கியது, ஒவ்வொரு ஜாக்கியிலும் அதன் உருக்குப் பின் சங்கிலியோடு தொங்கியது. டெஸ்ட் சர்டிபிகேட்டைக் கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டினார்கள்.

லாரி வந்தது ராத்திரி பத்தரைக்கு. மறுநாள் காலை வேலை தொடங்கியாக வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்துவிட்டு, ‘ஜாக்கி 260, பின் உடன்’ என்று எழுதியிருந்த சலானில் கையெழுத்துப் போட்டேன். யார்டில் பார்த்த சரக்கும் லாரியில் வந்த சரக்கும் ஒன்றா என்று யோசிக்கக்கூட இல்லை. பகலில் அனுப்பக்கூடிய சாமானை ஏன் ராத்திரியில் அனுப்புகிறார்கள் என்றும் கேட்கவில்லை.

ஜாக்கி என்பது குழாய்க்குள் குழாய். உள்குழாயின் ஓட்டையில் பின்னைச் செருகினால், மேலே இருக்கிற மொத்தப் பாரமும் அந்தப் பின் வழியாகத்தான் வெளிக்குழாய்க்கு இறங்கும். அதற்கென்று செய்த கெட்டி உருக்குப் பின் போட வேண்டிய இடத்தில், எங்களுக்கு வந்ததில் தொண்ணூற்றுச் சொச்சம் ஜாக்கிகளில் பத்து எம்எம் கம்பியை வெட்டிச் செருகி, இரண்டு முனையையும் மடக்கி வைத்திருந்தார்கள். ஓட்டைக்குள் அது லொடலொடவென்று ஆடும். சாம்பல் பெயின்ட் மேலே அடித்திருந்ததால் தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

மூன்றாம் தரப்பு ஆய்வுக்கும் ஒருவரை அமர்த்தியிருந்தோம். பாதுகாப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது என்று நான்தான் வற்புறுத்தினேன். அவர் வந்தார், ஓரமாக ஒரு சுற்று நடந்தார், செல்போனில் படம் எடுத்தார், இருபது நிமிடத்தில் நாற்பது வரிச் செக்லிஸ்ட்டை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவும் டிக். விபத்துக்குப் பிறகு அந்தத் தாளை நிதானமாகப் படித்தேன். பதினேழாவது வரியில் ‘டவர் கிரேன் அடித்தள போல்ட்டுகள் சரியாக உள்ளன’ என்பதற்கும் டிக் இருந்தது. அந்த பிளாக்கில் டவர் கிரேனே கிடையாது. அவர் கையெழுத்துக்குக் கீழே இருப்பது என் கையெழுத்து.

கான்கிரீட் போட்ட அன்று மத்தியானம், சென்ட்ரிங் மேஸ்திரி என்னிடம் வேகமாக வந்தார். இந்த வேலையில் என்னைவிட இருபது வருடம் மூத்தவர்.

“சார், மூணாவது வரிசையில ஒரு ஜாக்கி சத்தம் குடுக்குது. பம்பை நிறுத்தச் சொல்லுங்க.”

“இன்னும் ரெண்டு லோடுதான் அண்ணே, முடிச்சிடலாம்” என்றேன்.

வெளியே மிக்சர் லாரிகள் வரிசையில் நின்றன. பம்ப் ஆபரேட்டர் அடுத்த சைட்டுக்குப் போகிற அவசரத்தில் குழாயை நகர்த்தாமல் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தார். ஈரக் கான்கிரீட் ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 2,400 கிலோ. எங்கள் ஸ்லாப் 20 சென்டிமீட்டர் கனம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 480 கிலோ. அதே இடத்தில் முக்கால் மீட்டர் உயரத்துக்குக் குவித்தால் 1,800 கிலோ. அதைத் தாங்கி நின்றது வெட்டுக் கம்பி.

டிக், டிக் என்று இரண்டு சத்தம், பிறகு பிளைவுட் கிழிகிற சத்தம். நாலுக்கு ஐந்து மீட்டர் அளவுக்கு அப்படியே கீழே உட்கார்ந்தது. வைப்ரேட்டர் பிடித்திருந்த பையன் அதோடு போனான். கால் இரண்டு இடத்தில் முறிந்தது. கான்கிரீட்டுக்குள் இடுப்புவரை சிக்கியிருந்த நேரத்தில் சிமென்ட்டின் காரம் தோலையும் பொசுக்கிவிட்டது. மேஸ்திரி என்னிடம் சொல்வதற்காக வெளியே வந்திருக்காவிட்டால் சரியாக அந்த இடத்துக்கு அடியில்தான் நின்றிருப்பார்.

1907-ல் கனடாவில் கியூபெக் பாலம் கட்டிக்கொண்டிருந்தபோது, கீழ்ப்பகுதி உருக்குத் தகடுகள் வளைவதைத் தளத்தில் இருந்தவர்கள் கண்டுபிடித்து அளந்தும் வைத்திருந்தார்கள். சேதி நியூயார்க்கில் இருந்த ஆலோசகப் பொறியாளர்வரை போனது. நிறுத்து என்ற உத்தரவு தளத்துக்கு வந்து சேருவதற்குள், ஆகஸ்ட் 29 மாலை, பாலம் ஆற்றில் விழுந்துவிட்டது. 75 பேர் இறந்தார்கள். இரண்டு நாட்டுக்கு நடுவே போக வேண்டிய சேதி அது. எனக்கும் மேஸ்திரிக்கும் நடுவே இருந்தது பத்தடி.

மறுநாள் பைப்புகளையும் சோதித்தோம். 48.3 மில்லிமீட்டர் விட்டமும் 4 மில்லிமீட்டர் சுவர்க் கனமும் உள்ள பைப் என்று சர்டிபிகேட் சொன்னது. அப்படியானால் 6 மீட்டர் நீளத்துக்கு 26 கிலோ இருக்க வேண்டும். 3.2 மில்லிமீட்டர் பைப்பாக இருந்தால்கூட 21 கிலோவுக்குக் குறையாது. எங்களுக்கு வந்தது 19 கிலோ. துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்த பைப். தராசு ஒன்று இருந்தால் போதும், சர்டிபிகேட்டைவிட அது உண்மை பேசும். லாரி வந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பைப்பை எடுத்து நிறுத்துப் பாருங்கள். சர்டிபிகேட்டில் இருக்கிற பேட்ச் எண் சாமானில் எங்காவது குத்தியிருக்கிறதா என்று தேடுங்கள். எங்கள் சாமானில் எந்த எண்ணும் இல்லை.

இன்னொன்று, இதில் சாமானை வாடகைக்கு விட்ட வாடகைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஜாக்கிகளை முழு நீளத்துக்கு இழுத்துத்தான் நிறுத்தியிருந்தோம். ஒல்லியான தூண் இரண்டு மடங்கு நீளமானால் வளையாமல் தாங்கும் பாரம் நாலில் ஒரு பங்காகிவிடும். நடுவே குறுக்குப் பைப்பை இறுக்கிக் கட்டினால்தான் அந்த நீளம் பாதியாகும். இரண்டு வரிசைகளில் கிளாம்ப்பே மாட்டவில்லை, வந்த கிளாம்ப் போதவில்லை என்று எங்கள் ஆட்கள் விட்டிருக்கிறார்கள். அதையும் யாரும் பார்க்கவில்லை. நாற்பது டிக் இருந்தபோது யார் பார்ப்பார்கள்?

விபத்து அறிக்கையில் காரணம் என்று எழுதியிருப்பது என்ன தெரியுமா? ‘தொழிலாளி பாதுகாப்பற்ற இடத்தில் நின்றதும் கவனக்குறைவும்.’ கான்கிரீட் போடுகிறவன் ஸ்லாப் மேல் நிற்காமல் வேறு எங்கே நிற்பான்? 1978 ஏப்ரல் 27-ல் அமெரிக்காவின் வில்லோ ஐலண்டில் கூலிங் டவர் (மின்நிலையத்தில் தண்ணீரைக் குளிரவைக்கும் உயரமான கோபுரம்) கட்டும்போது 51 பேர் செத்தார்கள். சாரத்தைத் தாங்கியிருந்தது முந்தின நாள் ஊற்றிய கான்கிரீட், குளிரில் அதற்குப் போதுமான பலம் ஏறியிருக்கவில்லை. 2016-ல் சீனாவின் ஃபெங்செங்கில் இன்னொரு கூலிங் டவர், 74 பேர். அங்கேயும் குளிர்தான், பலம் ஏறுவதற்குள் சென்ட்ரிங்கைப் பிரித்துவிட்டார்கள். இந்த 125 பேரில் யாருடைய கவனக்குறைவு என்று எழுதுவது?

வாடகைக்காரரிடம் கம்பித் துண்டுகளைக் காட்டினேன். “எங்க பின்னை உங்க ஆளுங்க தொலைச்சிட்டு, கம்பியை வெட்டிச் சொருகியிருக்காங்க. சலான்ல உங்க கையெழுத்து இருக்கே சார்” என்றார். சலானில் என் கையெழுத்து இருந்தது. பதில் பேச முடியவில்லை. அவருடைய ஆட்கள் வந்து, உடைந்த ஜாக்கிகளைத் தனியாக வைத்து, மிச்சத்தை ஒவ்வொன்றாக எண்ணி, பின்களையும் எண்ணி, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வில்லாக வளைந்திருந்த ஒரே ஒரு கம்பித் துண்டை மட்டும் நான் கொடுக்காமல் மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துக் கடைசி பில் வந்தது. உடைந்த சாமானுக்கு ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொரு வரி: ‘ஜாக்கி பின் - குறைவு - 1.’

தொண்ணூறு பின்னைத் தொலைத்துவிட்டோம் என்று சொன்ன மனிதர், ஒன்றுக்கு மட்டும்தான் பில் போட்டிருக்கிறார். அந்தத் தாளும் கம்பியும் இப்போது வக்கீலிடம் இருக்கின்றன.