தொகுப்பு வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கான இடம்: எது நின்றது, எது போனது

கலைஞர் கனவு இல்லம் மாதிரியான திட்ட வீட்டின் பரப்பே 360 சதுர அடிதான். கட்டில், பீரோ, அடுப்படி போக மிஞ்சுவதில் ஒரு பிள்ளை பாய் விரித்து எழுத உட்கார்ந்தால் மற்றவர்கள் தாண்டித்தான் போக வேண்டும். காரைக்குடிப் பக்கம் இதற்கு நல்ல வழி, நாலைந்து வீட்டுக்கு ஒரு பொதுத் திண்ணை. பல கோடையும் ஐப்பசி மழையும் பார்த்த பிறகு சொல்வது இது: தரையிலும் நிழலிலும் போட்ட காசு வீண்போகவில்லை. வாங்கி நட்ட விளையாட்டுச் சாமான்தான் முதலில் போனது.

திண்ணை வடக்கு அல்லது கிழக்குப் பார்த்து இருக்கட்டும். மேற்குப் பார்த்தால் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் வெயில் நேராக அடிக்கும், ஒரு பிள்ளையும் உட்காராது. உயரம் 12 முதல் 14 அங்குலம், அகலம் 4 அடி. அந்த அகலம் இருந்தால்தான் நடுவில் பலகை வைத்து இரண்டு பேர் எதிரெதிரே சம்மணம் போடலாம்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். 8 அங்குலக் கல் நாலு சேர்ந்தால் 16 அங்குலச் சதுரம், பாண்டிக் கட்டத்துக்குச் சரியான அளவு. நாலில் ஒரு கல்லை வேறு நிறத்தில் பதித்தால் கால், அரை, முக்கால் என்ற கணக்கு தரையிலேயே கிடக்கிறது. பிள்ளைகள் அதை யாரும் சொல்லாமலே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்தக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடி மேல் சிமெண்டும் நிறமும் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறம் செத்துவிடும், திரும்ப வராது. வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தால் போதும். ஈரமானால் வழுக்கும் என்பதால் கூரைக்குள் மட்டும் பதியுங்கள். சாரல் படும் விளிம்பில் ஒரு அடிக்குக் கொத்திய கருங்கல்.

எழுதும் பலகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சுவரில் கரும்பலகை பெயிண்ட் அடித்தால், அடியில் ஈரம் ஏறி உப்புப் பூத்து, ஒரு மழைக்காலத்திலேயே பொருக்கு விடும். கடப்பாக்கல் வையுங்கள். 4 அடிக்கு 2 அடி, ஒரு அங்குலக் கனம். கீழ் விளிம்பு தரையிலிருந்து ஒன்றரை அடியில் இருந்தால் மூன்று வயதுப் பிள்ளைக்கும் எட்டும். எடை ஏறக்குறைய 50 கிலோ வரும், ஆகவே பசையை மட்டும் நம்பவே கூடாது. சுவரோடு சேர்த்துச் செங்கல் விளிம்பு கட்டி, அதன்மேல் கல்லை உட்காரவைத்து, நாலு மூலையிலும் இரும்புக் கிளாம்பு அடிக்க வேண்டும்.

பல்லாங்குழியைத் திண்ணை விளிம்பின் கருங்கல்லிலேயே செதுக்கலாம். 14 குழி, ஒவ்வொன்றும் 4 அங்குல அகலம், ஒன்றரை அங்குல ஆழம். குழிக்கு ஐந்து வீதம் 70 புளியங்கொட்டை. மூடி போட்ட ஓலைக்கொட்டானில் போட்டு ஆணியில் உயரமாக மாட்டுங்கள்: தரையில் வைத்தால் கரையான் ஏறும், கைக்குழந்தைகள் கொட்டையை வாயில் போட்டு மூச்சடைக்கும்.

வெளியே இரும்புச் சறுக்கு சித்திரையில் தொடமுடியாமல் கொதிக்கிறது. பிளாஸ்டிக் சறுக்கு வெயிலில் வெளிறி விரிசல் விடுகிறது. டயர் பதித்தால் அடியில் ஓட்டை போட்டு உள்ளே மண் நிரப்புங்கள், இல்லையென்றால் டெங்குக் கொசு அங்கேதான் வளரும். ஏறும் சட்டம் 4 அடி உயரம் என்றால் கீழே குறைந்தது 9 அங்குல ஆற்று மணல். காலில் சிதறுவதால் ஒரு அடி நிரப்புவது நல்லது. எம்சாண்ட், அதாவது கல்லை உடைத்து அரைத்த மணல், இறுகிவிடும், வேண்டாம். கம்பிகளுக்கு இடைவெளி 9 முதல் 23 சென்டிமீட்டருக்குள் வரவே கூடாது. உடம்பு நுழைந்து தலை சிக்குவது அந்த அளவில்தான். இதில் மட்டும் கொத்தனார், வெல்டர் யார் பேச்சையும் கேட்காமல் டேப் வைத்து நீங்களே அளந்துவிடுங்கள்.

இன்னும் சரிவராதது விளக்கு. எந்த வீட்டு மீட்டரில் இழுப்பது, பில்லை யார் கட்டுவது என்று தகராறு வந்து, பல இடங்களில் பல்பைக் கழற்றிவிட்டார்கள். கட்டும்போதே பொது மீட்டருக்கு மனுப் போட்டுவிடுங்கள். பின்னால் போட்டால் இழுபறி.