டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்: பழைய டிரைவரைத் துடைத்தெடுக்கும் கருவி

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்ததையொட்டி விண்டோஸ் 11-க்கு மாறியவர்களுள் நானும் ஒருவன். மேம்படுத்தல் முடிந்து கணினி எழுந்தபோது, திரையில் எழுத்துகளும் படவுருக்களும் பெருத்து மங்கலாகத் தெரிந்தன. இரண்டாவது திரை இருண்டே கிடந்தது. கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் என் கிராஃபிக்ஸ் அட்டையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்று இருந்தது. உரிய டிரைவர், அதாவது அட்டையை இயங்குதளத்தோடு பேசவைக்கும் மென்பொருள், வேலை செய்யாதபோது திரையில் ஏதேனும் தெரிய வேண்டுமே என்பதற்காக இயங்குதளம் கைவசம் வைத்திருக்கும் பொதுவான டிரைவர் அது. படம் தெரியும், ஆனால் அட்டையின் திறன் எதுவும் பயன்படாது. புதிய டிரைவரை நிறுவ முயன்றால் பாதி வழியில் நின்றது. பல ஆண்டுகளாக ஒன்றின் மேல் ஒன்றாக டிரைவர்களை நிறுவிக்கொண்டே வந்து, மேம்படுத்துவதற்கு முன் எதையும் சுத்தம் செய்யாமல் விட்டது என் சோம்பல்தான்.

இந்த நிலையில் எனக்குக் கைகொடுத்தது, வாக்னார்ட்சாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர். சுருக்கமாக டிடியு என்பார்கள். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகிய மூன்றின் டிரைவர்களையும் அது நீக்கும். நீக்குவது மட்டுமே அதன் வேலை. புதிய டிரைவரைத் தேடித் தரவோ, எது பொருத்தமானது என்று சொல்லவோ அது முன்வருவதில்லை. பெயரைப் பார்த்து அதையும் எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு.

‘நீக்குவதற்குத் தனியாக ஒரு கருவி எதற்கு, விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறதே’ என்ற கேள்வி எழலாம். டிரைவரை நிறுவும்போது அதன் கோப்புகளின் ஒரு படி, விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32-இல் உள்ள ‘டிரைவர் ஸ்டோர்’ என்னும் கிடங்கிலும் சேர்கிறது. டிவைஸ் மேனேஜரில் அட்டையின் மீது வலச்சொடுக்கி நீக்கும்போது, டிரைவரையும் சேர்த்து அகற்றச் சொல்லும் சிறிய பெட்டியைக் குறியிடாமல் விட்டால், சாதனத்தின் பதிவு மட்டும்தான் போகும். மறுதொடக்கம் ஆனதும் இயங்குதளம் கிடங்கிலிருந்து அதே பழைய டிரைவரை எடுத்து மாட்டிவிடும். குறியிட்டு நீக்கினாலும், அதற்கு முந்தைய பதிப்பு ஒன்று கிடங்கில் இருந்தால் அது முன்னே வந்து நிற்கும். நான் மூன்று முறை நீக்கினேன். மூன்று முறையும் வேறொரு பழைய பதிப்பு வந்தது. டிடியு அந்தக் கிடங்கில் உள்ள தொகுப்புகள், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியின் பதிவுகள், பின்னணிச் சேவைகள், எஞ்சிய கோப்புறைகள் அனைத்தையும் ஒரே ஓட்டத்தில் துடைக்கிறது. இதற்கு ஈடான வேலையைக் கையால் செய்ய முடியும் என்றாலும், ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து அரை நாளைச் செலவிட விரும்புபவர்களுக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.

முகப்பு பழைய பாணியில் இருக்கிறது. வலப்புறத்தில் சாதன வகையையும் நிறுவனத்தையும் தேர்ந்தெடுக்கும் பட்டியல்கள். இடப்புறத்தில் மூன்று பொத்தான்கள்: துடைத்து மறுதொடக்கம் செய்தல், துடைத்து அப்படியே விடுதல், துடைத்துக் கணினியை அணைத்தல். கடைசிப் பொத்தான் அட்டையையே கழற்றி மாற்றப் போகிறவர்களுக்கானது. துடைக்கும்போது ஒவ்வொரு படியும் பதிவுப் பெட்டியில் வரிவரியாக ஓடுகிறது. இடையில் திரை ஓரிரு முறை இருண்டு மீளும், அதைக் கண்டு மின்சாரத்தைத் துண்டித்துவிடக் கூடாது. எனக்குச் சில நிமிடங்களில் முடிந்தது.

குறை என்று நான் சொல்வது வேறொன்றை. கருவி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, ஆனால் அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றின் வரிசையைப் பயனர்தான் வெளியே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சேஃப் மோடில் (அத்தியாவசியமானவற்றை மட்டும் கொண்டு விண்டோஸ் தொடங்கும் முறை) இல்லாமல் திறந்தால் எச்சரிக்கிறது, அது நல்லது. புதிய டிரைவரை முன்கூட்டியே பதிவிறக்கி வைக்க வேண்டும்; மடிக்கணினியாக இருந்தால் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் முதலில் பார்ப்பது நலம். அதன்பின் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இல்லையென்றால், துடைத்து முடித்த கையோடு விண்டோஸ் அப்டேட் தானாக ஒரு டிரைவரை இறக்கி, பட்ட பாட்டை வீணாக்கிவிடக்கூடும். பிறகுதான் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி மறுதொடக்கம் கொடுத்துச் சேஃப் மோடுக்குப் போக வேண்டும்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். நாள்தோறும் நான்கு இலக்கப் பின் எண்ணால் நுழைந்து பழகியவனுக்குச் சேஃப் மோடில் அந்த எண் பயன்படவில்லை. கணக்கின் கடவுச்சொல்லோ நினைவில் இல்லை. வழக்கமான முறைக்குத் திரும்பி, கடவுச்சொல்லை மாற்றிக் குறித்துக்கொண்டு மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. வட்டு, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், தொடக்க முறையை மாற்றும்போது 48 இலக்க மீட்புக் குறியீட்டையும் கேட்கக்கூடும். அதை எழுதி வைக்காமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

துடைத்தபின் புதிய டிரைவர் ஒரே முயற்சியில் நிறுவப்பட்டது. இரண்டாவது திரை தானாகவே விழித்துக்கொண்டது. விண்டோஸிலேயே உள்ள டிஎக்ஸ்டயாக் (dxdiag) கருவியின் டிஸ்பிளே பக்கத்தில் அட்டையின் பெயரும் டிரைவர் மாதிரியின் (டிரைவர் மாடல்) எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. விண்டோஸ் 11 குறைந்தபட்சம் டபிள்யூடிடிஎம் (விண்டோஸ் டிஸ்பிளே டிரைவர் மாடல்) 2.0 டிரைவரைக் கேட்கிறது.

திரை ஒரு முறை உறைந்ததற்காகவோ, ஏதோ ஒரு விளையாட்டு மெதுவாக ஓடுகிறது என்பதற்காகவோ இதை எடுக்கத் தேவையில்லை. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய விசைகளுடன் பி (B) எழுத்தை அழுத்தினால் டிரைவர் மீண்டும் தொடங்கும். பல நேரங்களில் அதுவே போதும். புதிய டிரைவரை நிறுவும்போது ‘சுத்தமான நிறுவல்’ என்ற வாய்ப்பு இருந்தால் அதையும் முதலில் முயலலாம். மாதந்தோறும் டிரைவர் புதுப்பிக்கும்போதெல்லாம் டிடியுவை ஓட்டுவது, வீட்டைப் பெருக்குவதற்குச் சுவரை இடிப்பதுபோல.

விண்டோஸ் அப்டேட் டிரைவர்களை இறக்குவதைத் தடுக்கும் தெரிவு ஒன்று இதன் அமைப்புகளில் இருக்கிறது. கிராஃபிக்ஸுக்கு மட்டும் என்று நினைத்து நான் அதைக் குறியிட்டேன்; அது எல்லாச் சாதனங்களுக்கும் பொருந்தும். இரண்டு வாரம் கழித்துப் புதிதாக வாங்கிய வைஃபை அடாப்டரைச் செருகி, அது ஏன் உயிர்பெறவில்லை என்று ஒரு மாலை முழுவதும் கேபிளையும் துளையையும் மாற்றிப் பார்த்தபின்தான் அந்தக் குறி நினைவுக்கு வந்தது. அமைப்பை இயல்புநிலைக்குத் திருப்பியதும் அடாப்டர் ஒரு நிமிடத்தில் இணைந்தது.