அடீனியம்: விதையா, குச்சியா, ஒட்டா?

நர்சரில அடுக்கு அடுக்கா பூத்து நிக்குற ட்ரிபிள் பெட்டல் அடீனியத்துக்கு விலை கேட்டுட்டு, சரி வீட்ல இருக்குற செடியிலேர்ந்தே இன்னொண்ணு பண்ணிக்கலாம்னு மனச தேத்திக்கிட்டு வந்தவங்கள்ல நானும் ஒருத்தன். திருச்சில மொட்டை மாடி, நாள் முழுக்க வெயில், நாலு வருஷமா விதை, குச்சி, ஒட்டு மூணையும் மாத்தி மாத்தி பண்ணிப் பாத்தாச்சு. எல்லாரும் குச்சிலதான் ஆரம்பிப்பாங்க, ஈசின்னு நெனச்சுக்கிட்டு. என்னைக் கேட்டா அதுதான் மூணுலயும் கடைசி சாய்ஸ்.

ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி செடிய பத்தி கொஞ்சம். இது ஆப்பிரிக்காவுலயும் அரேபியாவுலயும் வறண்ட பாறை நிலத்துல வளர்ற செடி, ஏடன் ஊர் பேருலேர்ந்துதான் அடீனியம்னு பேரே வந்துச்சு. அங்க மழை எப்பயாச்சும்தான், அதனால அடித்தண்டையே தண்ணி டேங்க் மாதிரி ஊத வெச்சுக்குது. அந்தக் குண்டு அடிக்காகத்தான் பாதிப் பேர் இத வாங்குறதே. மீதிப் பேர் பூவுக்காக. நீங்க இதுல எந்தப் பாதின்னு முடிவு பண்ணிட்டா முக்கால்வாசி குழப்பம் தீந்துடும்.

குச்சிய எடுத்துக்குவோம். கவாத்து பண்ணும்போது எப்படியும் கிளைய வெட்டத்தான் போறோம், தூக்கிப் போடுறதுக்கு நட்டு வெச்சா என்னன்னு தோணும், தப்பில்ல. தாய்ச்செடி பூ எப்படியோ அச்சு அசலா அதே பூ வரும், அதுதான் இதுல பெரிய லாபம். ஆறு இஞ்ச் நீளத்துக்கு வெட்டி, இலைய எடுத்துட்டு, நிழல்ல நாலஞ்சு நாள் சும்மா போட்டு வைக்கணும், வெட்டுன இடத்துல பால் காஞ்சு தோல் மாதிரி ஆன பிறகுதான் மண்ணுல வைக்கணும். இந்தப் பொறுமை இல்லாமதான் நான் மொத தடவ பத்துக் குச்சிய வெட்டுன கையோட நட்டேன், அதுவும் ஐப்பசி அடைமழையில. பத்தும் போச்சு. தொட்டுப் பாத்தா வெண்ணெய் மாதிரி கொழகொழன்னு அமுங்குது. அடுத்து பங்குனி மாசம் நிழல்ல காய வெச்சு, ஆத்து மணலும் செங்கல் ஜல்லியும் கலந்து, கொஞ்சம் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) மட்டும் போட்டு, மொத ஒரு வாரம் தண்ணியே காட்டாம வெச்சதுல ஆறு குச்சி வேர் பிடிச்சுது. அதுக்கே ஒண்ணர மாசம் ஆச்சு.

ஆனா வந்த செடியப் பாத்தா ஒல்லிப்பிச்சான். தொடப்பக் குச்சி நுனில பூ சொருகி வெச்ச மாதிரி நிக்கும். வருஷம் போகப் போக வேர் தடிச்சு சக்கரவள்ளிக் கிழங்கு மாதிரி ரெண்டு மூணு புடைக்கும்தான், ஆனா விதைச்செடிக்கு வர்ற அந்த ஒத்தைத் தொப்பை இதுக்கு வரவே வராது.

விதைன்னா வேற கதை, எனக்கு இதுலதான் ருசி. காய் ஆட்டுக்கொம்பு மாதிரி ரெண்டு ரெண்டா ஜோடியா வரும், முத்துறதுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள நூலால சுத்திக் கட்டிடணும், இல்லன்னா ஒரு நாள் மத்தியானம் பட்டுன்னு வெடிச்சு, விதையோட ரெண்டு பக்கமும் பஞ்சு இருக்குமா, பக்கத்து வீட்டு மாடிக்கெல்லாம் பறந்து போயிடும். புது விதைய படுக்க வெச்சு மேல லேசா மணல் தூவி விட்டா மூணாம் நாளே சிலது தலை காட்டும், ஒரு வாரத்துக்குள்ள எல்லாம் வந்துடும். பழைய விதைன்னா முளைப்பு படுத்துடும், காசு குடுத்து வாங்குறவங்க இத மொதல்ல கேட்டுக்கங்க. நாத்து வந்ததும் ஆசையில தினம் ரெண்டு வேள தண்ணி ஊத்துனீங்கன்னா தண்டு அடியில அழுகி ஒவ்வொண்ணா சாஞ்சுடும், மண்ணு மேல காஞ்ச பிறகு ஊத்துனா போதும். ஒவ்வொரு தடவ தொட்டி மாத்தும்போதும் கிழங்க ஒரு இஞ்ச் மேல தூக்கி நட்டா தொப்பை வெளிய அழகா தெரியும். பூ பாக்க ஒரு வருஷமாவது, சிலதுக்கு ஒண்ணரை வருஷமாவது ஆகும்.

இதுல ஒரே வில்லங்கம் கலர். விதை தாய் மாதிரியே பூக்கும்னு யாரும் சொல்ல முடியாது. ட்ரிபிள் பெட்டல் கறுப்புச் சிவப்புன்னு போட்டோ போட்டு ஆன்லைன்ல வித்த விதைய இருபது வாங்குனேன், முளைச்சுது பதினாறு, பதினாறும் சாதா ஒத்தை ரோஸ். நல்ல செடியிலேர்ந்து எடுத்த விதைக்கே கலர் மாறும்ங்கும்போது போட்டோவ நம்பி வாங்குன என்னைத்தான் சொல்லணும்.

அந்தப் பதினாறுதான் என்னை ஒட்டுப் பக்கம் தள்ளுச்சு. ஒட்டு மாங்கன்னு கணக்குதான் இதுவும், கீழ விதைச்செடியோட குண்டு அடி, மேல நமக்குப் பிடிச்ச பூவோட கிளை. தொப்பையும் வேணும் பூவும் வேணும்னா இத விட்டா வழியில்ல. கட்டைவிரல் தடிமன் செடிய புது பிளேடால நேரா சீவி, அதே தடிமன்ல ரெண்டு இஞ்ச் கிளைத் துண்ட அடியில நேரா சீவி, கசியுற பால டிஷ்யூல ஒத்தி எடுத்துட்டு மேல உக்கார வெச்சு, பாலிதீன் கவர மாட்டி கீழ இழுத்துக் கட்டணும். தோல் ஓரம் ஒரு பக்கமாவது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேரணும், நடுவுல மட்டும் ஒட்டுனா பிரயோஜனம் இல்ல. ரெண்டு வாரம் நல்ல வெளிச்சமான நிழல், வெட்டு மேல ஒரு சொட்டு தண்ணி படக்கூடாது. பச்சையா துளிர் விட்டா கவரப் பிரிக்கலாம், கருத்துச் சுருங்குனா கீழ தள்ளி மறுபடி சீவ வேண்டியதுதான். மழைக்காலத்துல இத தொடவே தொடாதீங்க, மாசிலேர்ந்து ஆனி வரைக்கும் பண்ணுங்க.

ஒட்டுல பலர் கோட்டை விடுறது அது பிடிச்ச பிறகுதான். ஒட்டுக்குக் கீழ அடிச்செடி சொந்தமா துளிர் விட்டுக்கிட்டே இருக்கும், அத கிள்ளாம விட்டா அந்தத் துளிர் தடதடன்னு வளந்து மேல இருக்குற நல்ல கிளைய பட்டினி போட்டுடும். நர்சரி செடி கலர் மாறிடுச்சுன்னு சொல்றவங்க பல பேரு செடில நடந்தது இதுதான்.

குச்சியோ ஒட்டோ, வெட்டுனா பால் வரும், அரளிக் குடும்பம்ங்கறதால அது விஷம், ஆப்பிரிக்காவுல அம்பு முனைல தடவுவாங்க. கிளவுஸ் போட்டுக்கங்க, கண்ணக் கசக்காதீங்க, சின்னப் பசங்க கையில வெட்டுன கிளைய குடுக்காதீங்க.

பொறுமை இருந்தா விதைல ஆரம்பிங்க, நாத்து கட்டைவிரல் அளவு வந்ததும் ஒட்டுக் கத்துக்கங்க, சொதப்புனாலும் அடிச்செடி உங்க கைலயே இருக்கும். குச்சி, தோழிக்குக் குடுக்குறதுக்கு, இல்ல அழுகுற செடியோட கலர காப்பாத்துறதுக்கு. அதுக்கு மட்டும் அது நல்லது.

என் பதினாறுல பதினஞ்சுக்கு ஒட்டுப் போட்டாச்சு, பதினொண்ணு பிடிச்சுது. மிச்சம் ஒண்ணுல அம்மா கைய வைக்க விடல, ஒத்தை ரோஸா இருந்தா என்ன, மாடிலயே அதுதான்டா நெறைய பூக்குதுங்கறாங்க, அது உண்மையும்கூட.